எரிமலை ஏறப் புகுவோர்

மலையேறுதல் மனவுறுதி ஒன்றனையே சார்ந்த செயல் என்பது உலகோர் பலரின் எண்ணம். உச்சியை எய்தியவனைப் புகழ்வர். இடைவழியில் திரும்பியவனைக் கோழை என இகழ்வர். பனிமலைக்கும் பாறைமலைக்கும் இக்கருத்து ஓரளவு பொருந்தினும் பொருந்துக. எரிமலைக்கு அது சிறிதும் பொருந்தாது. ஏறுவோன் எத்துணை உரம் படைத்தவனாயினும், அவன் காலடியில் கிடக்கும் நிலம் அவ்வுரத்தை மதித்து அடங்கியிருப்பதில்லை. ஆதலின், எரிமலை ஏற விரும்புவோன் முதற்கண் பழக்க வேண்டுவது காலை அன்று. திரும்பி வருதற்கு இசையும் மனத்தையே ஆகும். காலணியும் கம்பளியும் அதற்குப் பின்னர் வருவன. காலையில் ஏறி மாலைக்குள் இறங்கும் ஒருநாட் செலவுக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் நகைக்கலாம். அவ்வொரு நாளிலேதான் பலர் உயிரிழந்துள்ளனர் என்பதை அவர் அறியார்.

இத்தாலி நாட்டைச் சேர்ந்த சிசிலித் தீவின் கீழ்க்கரையில், கத்தானியா நகருக்கு வடக்கே, எட்னா மலை எழுந்து நிற்கிறது. ஐரோப்பாவின் எரிமலைகளுள் பெரியனவற்றில் ஒன்று அது. அடிக்கடி சீறுவதும் அது. 1669-ஆம் ஆண்டில் அதன் பக்கவாட்டில் வெடித்தெழுந்த குழம்பு கத்தானியா வரை ஓடி வந்தது. 1928-ஆம் ஆண்டில் மஸ்காலி என்னும் ஊர் குழம்பில் மூழ்கியது. அவ்வாறிருந்தும் மலையின் அடிவாரமெங்கும் திராட்சைத் தோட்டங்களும் கிச்சிலித் தோப்புகளும் நிறைந்துள்ளன. ஒரு காலத்தில் ஊரை அழித்த குழம்பே நெடுங்காலம் கழிந்தபின் வளமான மண்ணாகி உழவரை ஊட்டுகிறது. அம்மலைக்கு மோஞ்சிபெல்லோ என்று பழம்பெயர் ஒன்றும் உண்டு. அப்பெயரின் முற்பகுதி இலத்தீனிலும் பிற்பகுதி அரபு மொழியிலும் மலை என்றே பொருள்படும் என்பர். ஒருபொருட் பன்மொழி எனத் தமிழிலக்கணம் கூறும் வகையை இது நினைவூட்டுகிறது. ஆண்டவர் மாறினும் மொழி மாறினும், மக்கள் அதனை மலை என்றே அழைத்து வந்தனர். வேறு பெயர் அதற்கு வேண்டியிருக்கவில்லை.

2013-ஆம் ஆண்டில் எட்னா உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பெற்றது. அதனைக் காண ஆண்டுதோறும் பல்லாயிரவர் வருகின்றனர். தென்புறத்தில், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில், சபியென்சா என்னும் விடுதி உள்ளது. அதுவரை நல்ல பாதையில் வண்டி செல்லும். அங்கிருந்து கம்பிவட ஊர்தி ஒன்று 2,500 மீட்டர் உயரம் வரை மக்களைச் சுமந்து செல்கிறது. அதற்கு மேல் நடந்தோ, கரடுமுரடான தரைக்கென அமைந்த பெருவண்டிகளில் ஏறியோ செல்லலாம். மலையின் மேற்பகுதிக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியின்றிச் செல்லுதல் கூடாது. எவ்வுயரம் வரை செல்லலாம் என்பதை மலையின் அன்றைய நிலை கண்டு அதிகாரிகள் ஆணையிடுவர். இன்று திறந்திருக்கும் வழி நாளை அடைபடலாம். அடைபட்ட வழி மறுவாரம் திறக்கலாம். கத்தானியாவில் உள்ள ஆய்வுக்கூடத்து அறிஞர்கள் மலையின் அதிர்வையும் ஆவியையும் வெப்பத்தையும் இரவு பகலாகக் கண்காணித்து வருகின்றனர்.

இங்கே ஏனைய மலைகளுக்கும் எரிமலைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல் வேண்டும். பிற மலைகளின் உச்சி, பாட்டன் கண்ட உயரத்திலேயே பேரனுக்கும் நிற்கும். எட்னாவின் உச்சியோ அத்தகையது அன்று. 1981-ஆம் ஆண்டில் அதன் வடகிழக்கு வாயின் விளிம்பு 3,350 மீட்டர் உயர்ந்திருந்தது. விளிம்பு இடிந்து இடிந்து 2018-ஆம் ஆண்டில் அவ்வுயரம் 3,326 மீட்டராகக் குறைந்தது. பின்னர், முன்பு தாழ்ந்திருந்த தென்கிழக்கு வாய் கல்லும் சாம்பலும் கக்கிக் கக்கி வளர்ந்து, 2021-ஆம் ஆண்டில் 3,357 மீட்டரை எட்டி, உச்சி என்னும் பெயரைத் தான் கவர்ந்துகொண்டது. உச்சியே இடம் மாறும் மலையில் பழைய படத்தை நம்பி நடப்பது எங்ஙனம்? 2001-ஆம் ஆண்டில் எழுந்த சீற்றம் கம்பிவட ஊர்தியின் பகுதிகளை அழித்தது; அவை மீண்டும் கட்டப்பட்டன. மறு ஆண்டில் வடபுறத்துப் பியானோ புரோவென்சானா என்னுமிடத்தில் இருந்த விடுதிகளும் கடைகளும் குழம்பில் அழிந்தன. தென்புறத்தில் 2,900 மீட்டர் உயரத்தில் நின்ற ஒரு கட்டடம் சாம்பலிலும் கற்பொடியிலும் புதையுண்டது. ஆகவே, பத்தாண்டுகட்கு முன் ஏறியவன் கூறும் வழியும் இன்றைக்கு வழி ஆகாது.

புதையுண்ட அக்கட்டடத்திற்கு மெய்யறிஞர் கோபுரம் என்று பெயர். பண்டைக் கிரேக்க அறிஞராகிய எம்பெடொக்கிளிசு அவ்விடத்தில் தங்கி மலையை ஆராய்ந்தார் என்பது செவிவழிச் செய்தி. இறுதியில் அவர் எரிவாயினுள் குதித்து மறைந்தார் என்றும், தாம் தெய்வமாயினதாக உலகம் நம்பட்டும் என்று கருதியே அவ்வாறு செய்தார் என்றும், மலை அவருடைய வெண்கலச் செருப்பொன்றை வெளியே உமிழ்ந்து உண்மையைக் காட்டிவிட்டது என்றும் கதை கூறுவர். கதை மெய்யோ பொய்யோ, செருப்பைப்பற்றி அதில் ஒரு குறிப்பிருப்பது நன்று. இக்காலத்தும் கடற்கரையில் அணியும் மெல்லிய செருப்போடு எட்னாவின் கம்பிவட ஊர்தியில் ஏறி வருவோர் உளர். கீழே கத்தானியாவில் கோடை வெயில் காய்கிறது; மேலேயும் அவ்வாறே இருக்கும் என்பது அவர் துணிவு. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறையும். கடற்கரையில் முப்பது பாகை இருக்கும் நண்பகலில் உச்சியருகே பத்துப் பாகைகூட இராது. அதனோடு தடுப்பாரற்ற காற்றும் சேர்ந்தால், மெல்லிய சட்டையோடு வந்தவன் பற்கள் ஒன்றோடொன்று மோத நிற்பான்.

எனவே உடைகளை அடுக்கடுக்காக அணிதல் வேண்டும். வியர்வையை உறிஞ்சித் தேக்கும் பருத்திச் சட்டையைக் காட்டிலும் விரைவில் உலரும் உள்ளாடை நன்று, அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேற்சட்டை. ஏறும்போது வெப்பமுற்றால் ஒன்றைக் கழற்றலாம். நிற்கும்போது குளிர்ந்தால் ஒன்றை அணியலாம். காற்சட்டை கணுக்கால் வரை நீண்டிருத்தல் இன்றியமையாதது. கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் தடித்த அடியுடைய பூட்சு வேண்டும். அதுவும் புதிதாக வாங்கியதாய் இருத்தல் கூடாது. புதுப்பூட்சு முதல்நாளிலேயே குதிகாலைப் புண்ணாக்கிவிடும். ஒரு திங்களேனும் முன்னரே அணிந்து நடந்து அதனைக் காலுக்குப் பழக்குதல் வேண்டும். கோடையிலும் கையுறை வேண்டும் என்றால் பலர் வியப்பர். குளிருக்காக மட்டும் அன்று. இறுகிய எரிமலைக் குழம்பின் முனைகள் உடைந்த கண்ணாடியை ஒத்தன. இடறி விழுபவன் இயல்பாகக் கையை ஊன்றுவான். ஊன்றிய கை கிழிபடும்.

எரிமலைச் சாம்பல் என்னும் சொல்லும் ஓரளவு மயக்கந் தருவதே. அடுப்புச் சாம்பல் விறகு எரிந்ததால் உண்டாவது, மென்மையானது, நீரில் கரைந்து போவது. எரிமலையிலோ விறகும் இல்லை, எரிதலும் இல்லை. உருகிய பாறை வெடித்துச் சிதறி, நொடிப்பொழுதில் குளிர்ந்து, பொடியும் துகளும் ஆகி விழுகிறது. அதனைப் பொடித்த கல் என்பதே பொருந்தும். அது கண்ணிற் பட்டால் அறுக்கும். கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகளை அணிவோர் அன்று அவற்றை நீக்கி மூக்குக்கண்ணாடி அணிதல் நன்று. வில்லைக்கு அடியில் துகள் புகுந்தால் துன்பம் மிகும். காற்சட்டையின் விளிம்புக்கும் பூட்சுக்கும் இடையே ஓர் உறையிட்டுக் கட்டினால் காலணிக்குள் துகள் புகாது. இது சிறு செய்தி போலத் தோன்றும். இறங்கும் வழியில் பூட்சு நிறையக் கற்பொடி புகுந்தவனைக் கேட்டால் அதன் அருமை விளங்கும்.

நீரைப்பற்றியும் கூற வேண்டும். மலை என்றதும் அருவியும் சுனையும் நினைவுக்கு வருகின்றன. எட்னாவின் மேற்சரிவுகளில் அவை இல்லை. மழையும் உருகிய பனியும் துளைநிறைந்த தரையினுள் இறங்கி மறைந்துவிடுகின்றன. அடிவாரத்து ஊர்களிலேதான் அவை ஊற்றாக வெளிப்படும். ஆதலால் அன்றைக்கு வேண்டிய குடிநீர் முழுவதையும் தோளிலேயே சுமந்து செல்ல வேண்டும். இரண்டு லிட்டருக்குக் குறையாமல் எடுத்துச் செல்வது அறிவுடைமை. நிழல் தரும் மரமும் மேலே இல்லை. கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் இல்லாதவன் குளிரில் நடுங்கிக்கொண்டே வெயிலில் வேகும் புதுமையைக் காண்பான்.

உடலைப் பழக்குவதில் பெரும் மறைபொருள் ஒன்றும் இல்லை. ஆறு வாரங்களுக்கு முன்னிருந்தே நாள்தோறும் நடத்தலும், முதுகில் சிறு பொதியைச் சுமந்து படிக்கட்டுகளில் ஏறி இறங்குதலும் போதும். ஏறுதலைவிட இறங்குதலையே மிகுதியாகப் பழகுதல் வேண்டும்; முழங்கால்கள் நோவது இறங்கும்போதுதான். நெஞ்சு நோயும் இழுப்பும் உடையோர் மருத்துவரை வினவாமல் புறப்படுதல் தகாது. மலை வெளிவிடும் கந்தக ஆவி இழுப்பு நோயை எளிதில் கிளப்பிவிடும். உச்சியருகே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கே. காலையில் கடற்கரையில் உணவுண்டு, வண்டியிலும் ஊர்தியிலுமாக இரண்டு மூன்று மணி நேரத்தில் அவ்வுயரத்தை அடைபவனுக்குத் தலைநோவும் குமட்டலும் தோன்றுதல் கூடும். ஓய்வு கொண்டும் அவை தணியாமல் வளருமாயின், கீழே இறங்குவதே மருந்து. வெட்கப்பட்டு மறைப்பவன் தன்னோடு வந்தோர் அனைவரையும் இடருக்குள்ளாக்குகிறான்.

இத்துணையும் பிற உயர்மலைகளுக்கும் பெரும்பாலும் பொருந்துவனவே. எரிமலைக்கே உரியது தலைக்கவசம். அதன் தேவையை எட்னாவினின்று சற்று விலகி, சப்பான் நாட்டில் 2014-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததொரு பேரிடரைக் கொண்டு அறியலாம்.

சப்பானின் நடுப்பகுதியில் ஒந்தாக்கே என்னும் எரிமலை உள்ளது. அதன் உயரம் 3,067 மீட்டர். அவ்வாண்டு செப்டம்பர் 27-ஆம் நாள், சனிக்கிழமை. வானம் தெளிந்திருந்தது. இலைகள் செந்நிறமும் பொன்னிறமும் பூணும் இலையுதிர் பருவம். மக்கள் பலர் விடியலிலே புறப்பட்டு, நண்பகலுக்குச் சற்று முன்னர் உச்சியை அடைந்து, உணவுப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்தனர். பதினொரு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்திற்கு மலை வெடித்தது. அடியிலிருந்த நீர் வெப்பத்தால் திடீரென ஆவியாகிப் பாறையைப் பிளந்தெறிந்த வெடிப்பு அது. கற்கள் மழைபோல் விழுந்தன. இறந்தவரும் காணாமற் போனவருமாக அறுபத்து மூவர். இறந்தோருள் மிகப் பலர் வெப்பத்தால் மாயவில்லை. தலையிலும் முதுகிலும் விழுந்த கற்களால் மாய்ந்தனர். அருகிருந்த மலைக்குடில்களுள் ஓடிப் புகுந்தோர் பலர் பிழைத்தனர். பின்னாளில் உச்சியில் திண்ணிய காப்பறைகள் அமைக்கப்பெற்றன.

இதில் ஊன்றி நோக்கத்தக்க செய்தி வேறொன்று உண்டு. அந்நாட்டு வானிலை ஆய்வுத்துறை எரிமலைகளின் நிலையை ஐந்து படிகளாக வகுத்து அறிவிக்கிறது. வெடிப்பு நிகழ்ந்தபோது ஒந்தாக்கே முதற்படியில் இருந்தது. அப்படிக்கு அன்று வழங்கிய பெயர் 'இயல்பு நிலை' என்னும் பொருளுடையது. இயல்பு நிலை என்ற சொல்லைக் கண்டவர் இடர் இல்லை என்றே கொண்டனர். சொல்லியவர் கருத்தோ, 'மாற்றம் மிகுதியாகத் தென்படவில்லை' என்ற அளவே. 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் அச்சொல்லை நீக்கி, 'இது உயிருள்ள எரிமலை என்பதை நினைவிற்கொள்க' என்னும் பொருளுடைய தொடரை அத்துறை அமைத்தது. அவ்வாண்டே எரிமலைச் சட்டமும் திருத்தப்பெற்று, ஏறுவோர் தாமும் செய்தி திரட்டி ஆயத்தமாதல் வேண்டும் என்னும் கடமை அதில் சேர்க்கப்பட்டது. மலை மாறவில்லை, படியும் மாறவில்லை, சொல் ஒன்றே மாறியது. சொல்லாராய்ச்சி ஏட்டுப் புலவர்க்கே உரியது என்று எண்ணுவோர் இதனை நோக்குக.

இங்கு ஒரு வினா எழும். அறிஞர்களாலும் முன்னறிய இயலாத வெடிப்பை வழிகாட்டி எவ்வாறு அறிவான்? அறியான் எனின், அவனுக்குப் பொருள் கொடுத்து உடன் அழைப்பதால் பயன் யாது? இது நேர்மையான வினா. இதனை மழுப்புதல் கூடாது. நியூசிலாந்து நாட்டில் வக்காரி என்னும் எரிமலைத் தீவு உள்ளது. அதன் எச்சரிக்கை 2019-ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு படி உயர்த்தப்பட்டது. அதன் பின்னும் படகுகள் மக்களை ஏற்றிச் சென்றன. டிசம்பர் 9-ஆம் நாள் பிற்பகல் தீவில் நாற்பத்தெழுவர் இருக்கும்போது அது வெடித்தது; இருபத்திருவர் உயிர் நீத்தனர். இறந்தோருள் வழிகாட்டிகளும் இருந்தனர். இந்தோனேசியாவின் சுமத்திராத் தீவில் மராபி மலையில் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் இருபத்து நால்வர் மாண்டனர். எரிவாய்க்கு மூன்று கிலோமீட்டருக்குள் செல்லலாகாது என்று எரிமலை ஆய்வாளர் ஒருபுறம் அறிவித்திருக்க, ஏறுதற்கு உரிமச்சீட்டு மற்றொருபுறம் வழங்கப்பட்டு வந்தது.

ஆகவே வழிகாட்டி உடன் இருத்தல் உயிர்க்காப்பு ஆகாது. அனுமதிச் சீட்டு அதனினும் ஆகாது. வழிகாட்டியின் பயன் வேறு. எட்னாவின் வழிகாட்டி அம்மலையில் நூற்றுக்கணக்கான நாட்கள் நடந்தவன். காற்று எப்பக்கம் திரும்பினால் ஆவி எவ்வழியில் படியும் என்பது அவனுக்குத் தெரியும். காற்றினும் கனமான கரியமில வாயு பள்ளங்களில் தேங்கும் என்பதும், களைத்தவன் காற்றுக்கு மறைவு என்று எண்ணி அப்பள்ளத்தில் அமர்வதே கேடு என்பதும் அவன் அறிவான். மூடுபனி இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தோன்றாதபோது எந்தச் சரிவு கீழே கொண்டு சேர்க்கும், எது பாழ்ங்கிடங்கில் தள்ளும் என்பது அவன் கால்களுக்கே தெரிந்திருக்கும். அடிவாரத்தோடு பேசும் கருவி அவனிடம் உண்டு. இவையெல்லாம் இடரை நீக்கா. இடரில் தங்கும் நேரத்தைக் குறைக்கும். எரிமலையில் ஒருவன் தேடிக்கொள்ளத்தக்க காப்பு அவ்வளவே. அதனைக் குறைவாக மதிப்பவன் மலையை அறியாதவன்.

அங்ஙனமாயின் வழிகாட்டியை அமர்த்துமுன் வினவ வேண்டியவை சில உள. அவனுக்கு அரசின் உரிமம் உண்டா? இன்றைய ஆணை எவ்வுயரம் வரை விடுகிறது? ஒருவனோடு எத்தனை பேர் வருவர்? தலைக்கவசமும் முகமூடியும் யார் தருவார்? மலை திடீரெனக் குமுறினால் எங்கே செல்வது? இவ்வினாக்களைக் கேட்டு முகம் சுளிப்பவனிடம் அன்று உயிரை ஒப்படைத்தல் தகாது. 'ஒன்றும் ஆகாது' என்று உறுதி கூறுபவனிடமோ எந்நாளும் தகாது. நல்ல வழிகாட்டி அச்சொல்லைக் கூறான்.

தேர்ந்தபின் அவன் சொற்படி நடத்தல் வேண்டும். இதுவே பலர்க்கு அரிதாக உள்ளது. கூலி கொடுத்தவன் ஏவுபவன், பெற்றவன் ஏவல் கேட்பவன் என்பது சந்தையின் வழக்கம். வழிகாட்டுதலில் அது தலைகீழாகும். பொருளைக் கொடுத்தவனே சொற்கேட்டு நடக்க வேண்டும். "இன்னும் நூறு அடிதானே, ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்" என்று கெஞ்சுவோரும், "முழுத்தொகை வாங்கினீரே, உச்சியைக் காட்டும்" என்று உறுக்குவோரும் எல்லா மலைகளிலும் உளர். அவர்கள் பேச்சுக்கு இணங்கும் வழிகாட்டி இரங்கத்தக்கவன். ஏனெனில் நாளைய கூலியும் அவர்களைப் போன்றோர் வாய்ச்சொல்லைப் பொறுத்தது. எட்னாவில் 1979-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் உச்சிவாய் ஒன்று திடீரென வெடித்து, அருகே நின்ற காட்சியாளருள் ஒன்பதின்மரைக் கொன்றது. 2017-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் நாள், ஓடிய குழம்பு பனிப்படலத்தின்மேல் பரவ, அடியில் சிக்கிய நீர் ஆவியாகி வெடித்தது. செய்தியாளரும் ஓர் அறிஞரும் உட்படப் பத்துப்பேர் அளவில் காயமுற்றனர். 2025-ஆம் ஆண்டு சூன் 2-ஆம் நாள் தென்கிழக்கு வாயின் ஒரு பகுதி சரிந்து, வெப்பப் புகையும் கல்லும் பெருமேகமாய் உருண்டு இறங்கின. மலைச்சரிவில் நடந்துகொண்டிருந்தோர் ஓட்டம் பிடித்தனர். நல்வினையாக எவர்க்கும் ஊறு நேரவில்லை. அன்று கண்ணெதிரே எழுந்த மேகத்தைப் படம் எடுக்க நின்றோரும் இருந்தனர் என்பதை நினைந்தால் நெஞ்சு பதறுகிறது.

மலையும் இடரும் என் உரிமை, தடுப்பதற்கு அதிகாரிக்கு என்ன உரிமை என்று வாதிப்போர் உளர். தன் உயிர் தனக்கே உரியது என்பதில் ஓரளவு உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் மலைமேல் விழுந்தவனைத் தானே கீழே கொண்டுவர அவனால் இயலாது. ஒந்தாக்கேயில் வெடிப்புக்குப் பின் மீட்போர், நச்சாவியின் நடுவே, முழங்காலளவு சாம்பற்சேற்றில், மீண்டும் வெடிக்குமோ என்ற ஐயத்தோடு நாட்கணக்கில் தேடினர். ஒருவன் தன் உரிமை எனக் கொண்ட இடர் பிறர் தோள்மேல் ஏறிவிடுவதை இவ்வாதம் காணவில்லை.

திரும்பும் மனத்தை எவ்வாறு பழக்குவது? அதற்கு அறிவுரையினும் நாட்குறிப்பே பெரிதும் உதவும். நெடுந்தொலைவிலிருந்து வருவோன் மலைக்கென ஒரேயொரு நாளை ஒதுக்கினானாயின், அந்நாளில் காற்று மிகினும், புகை அடர்ந்தாலும், ஏறியே தீர வேண்டும் என்ற வெறி அவனைப் பற்றும். அவன் வழிகாட்டியை நெருக்குவான். தன் தலைநோவை மறைப்பான். மூன்று நாட்களை ஒதுக்கியவனோ இன்று முடியாவிடின் நாளை என்று அமைதியாகக் கம்பளியை மடித்து வைப்பான். பணமும் அத்தகையதே. வழி அடைபட்டால் தொகையில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை முன்னரே எழுத்தில் பெற்றவனுக்கு, அடிவாரத்தில் நின்று பூசலிடும் தேவை இல்லை. எட்னாவில் உச்சி மூடப்பட்ட நாட்களிலும் காணத்தக்கவை பல. 2001-ஆம் ஆண்டின் குழம்பு இறுகிக் கிடக்கும் கரும்பரப்பும், சபியென்சாவை அடுத்துள்ள பழைய சிறுவாய்களும், கிழக்கே பெருங்கிடங்காகத் தாழ்ந்து கிடக்கும் போவே பள்ளத்தாக்கும் உச்சிக்குச் செல்லாமலே காணக் கூடியவை. அவற்றையும் முன்னரே குறித்து வைத்திருப்பவன், வழிகாட்டி காலையில் மலையை அண்ணாந்து நோக்கித் தலையசைக்கும்போது, வேறு வழியில் அவனோடு நடக்கப் பொதியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வான்.